கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது உதவித்தொகை பெறுவது எப்படி?

உயர்நிலைப் பள்ளி முடித்ததும் வீட்டுக்கு அருகிலுள்ள கம்யூனிட்டி கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்தில் சேர்வது அமெரிக்காவில் பல லட்சம் மாணவர்களுக்குப் பழகிய வழி. நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இதைச் சொல்ல இன்னும் கூச்சப்படுகிறார்கள். கூச்சத்துக்குக் காரணமே இல்லை. கல்விக் கட்டணம் மிகக் குறைவு, வகுப்புகள் சிறியவை, கடைசியில் கையில் கிடைப்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான்.

கூச்சத்தைவிட அதிகம் இழக்க வைப்பது வேறோர் எண்ணம்: உதவித்தொகையெல்லாம் பள்ளியிலிருந்து நேரே சேர்கிறவர்களுக்குத்தான், இடையில் வருகிறவர்களுக்கு எதுவும் மிஞ்சாது என்பது. மாறிச் செல்லும் மாணவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட பணம் கல்லூரிகளிடமும் மாநில அரசுகளிடமும் அறக்கட்டளைகளிடமும் இருக்கிறது. ஆனால் அதன் கெடு தேதிகள் பெரும்பாலும் சேர்க்கைக் கடிதம் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. ஏப்ரலில் கடிதம் வந்த பிறகு தேடத் தொடங்குகிற மாணவர், டிசம்பரிலும் மார்ச்சிலும் மூடப்பட்ட விண்ணப்பங்களைத்தான் பார்க்க நேரிடும். ஆகவே கம்யூனிட்டி கல்லூரியின் முதல் பருவத்திலேயே தொடங்குங்கள். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

முதல் படி: உங்கள் குடியேற்ற நிலையைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

எந்தப் பணத்துக்கு நீங்கள் தகுதியானவர் என்பதை மதிப்பெண்ணுக்கு முன்னால் இதுவே தீர்மானிக்கிறது. அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் மத்திய அரசின் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். மாணவர் குடிமகனாக இருந்து, பெற்றோர் எச்-1பி என்ற வேலை விசாவில் இருந்தாலும் தடையில்லை. பெற்றோரின் விசா மாணவரின் தகுதியைக் குறைப்பதில்லை. எச்-1பி பணியாளரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருக்கும் மாணவருக்கும் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவருக்கும் மத்திய அரசின் பணம் கிடையாது. அவர்கள் கல்லூரிகளும் தனியார் அமைப்புகளும் திறமைக்காகத் தரும் உதவித்தொகைகளைக் குறிவைக்க வேண்டும்.

எச்-4 பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. 21 வயது நிறைந்ததும் பெற்றோரைச் சார்ந்த அந்த விசா முடிந்துவிடுகிறது. கிரீன் கார்டு வரிசையில் பல ஆண்டுகள் காத்திருக்கும் இந்தியக் குடும்பங்களில் பிள்ளைகள் பலர் அந்த வயதில் எஃப்-1 விசாவுக்கு மாறுகிறார்கள். அதுவோ சரியாகப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் காலம். விசா மாறியதும் மாநிலவாசிக்கான குறைந்த கட்டணம் தொடருமா என்பது இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஆண்டுக்குப் பல்லாயிரம் டாலர் இந்த ஒரு விடையில் அடங்கியிருக்கிறது. எனவே விண்ணப்பிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்துக்கும் முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நண்பரின் மகனுக்கு நடந்ததை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இரண்டாம் படி: ஃபாஃப்சா படிவம்

கல்வி நிதியுதவி கேட்டுத் தகுதியுள்ளவர்கள் அனைவரும் நிரப்ப வேண்டிய மத்திய அரசுப் படிவம் ஃபாஃப்சா (FAFSA). அடுத்த கல்வியாண்டுக்கான படிவம் வழக்கமாக அக்டோபர் 1 வாக்கில் திறக்கும். நிரப்பக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவாயினும் விலகி வாருங்கள். ‘எங்களுக்கு வருமானம் அதிகம், எதுவும் கிடைக்காது’ என்று இதை விட்டுவிடுகிற வீடுகள் உண்டு. மாநில உதவியும் பல்கலைக்கழகத்தின் சொந்த உதவியும் பல இடங்களில் இந்தப் படிவத்தை வைத்தே முடிவாகின்றன. நிரப்பாதவரின் பெயர் அந்தப் பரிசீலனைக்கே வராது.

மாறிச் செல்பவர் இதில் கவனிக்க வேண்டியவை சில. கம்யூனிட்டி கல்லூரியில் கிடைத்த உதவி தானாகவே புதிய பல்கலைக்கழகத்துக்கு வந்து சேராது. விண்ணப்பிக்கிற ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் குறியீட்டையும் படிவத்தில் சேர்க்க வேண்டும்; 20 வரை சேர்க்க இடமுண்டு. இன்னும் இடம் உறுதியாகாத பல்கலைக்கழகத்தையும் சேர்க்கலாம், சேர்க்க வேண்டும். ஆண்டின் நடுவில் மாறுகிறவர் பழைய கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் சொல்லி அங்குள்ள மீதி உதவியை நிறுத்த வேண்டும், ஏனெனில் பெல் கிராண்ட் என்ற மத்திய அரசு மானியத்தை ஒரே காலத்தில் இரண்டு கல்லூரிகளில் பெற முடியாது.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான இந்த பெல் கிராண்ட் திருப்பிச் செலுத்த வேண்டாத பணம். 2025-26 கல்வியாண்டில் அதன் உச்ச அளவு 7,395 டாலர். வாழ்நாளில் மொத்தம் 12 முழுநேரப் பருவங்களுக்கு மேல் இது கிடைக்காது என்பதைப் பலர் தாமதமாகவே அறிகிறார்கள். கம்யூனிட்டி கல்லூரியில் நான்கு ஆண்டு முழுநேரம் படித்து எட்டுப் பருவங்களைச் செலவழித்தவருக்குப் பல்கலைக்கழகத்தில் நான்குதான் மிஞ்சும்.

படிவத்தில் தாய் தந்தையின் விவரமும் வேண்டும். இருவரும் சேர்ந்து வரி தாக்கல் செய்திருந்தால் ஒருவர் கணக்குத் திறந்து ஒப்புதல் தந்தால் போதும். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரும் கணக்குத் திறக்கலாம். வருமானம் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தையதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. 2026-27 படிவம் 2024-ஆம் ஆண்டு வருமானத்தைப் பார்க்கிறது. இடையில் வேலை போயிருந்தால் படிவத்தில் அது தெரியாது. நிதியுதவி அலுவலகத்துக்குத் தனியாகக் கடிதம் எழுதி, பணிநீக்க ஆணையை இணைத்து, மறுபரிசீலனை கேட்கலாம். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் ஆட்குறைப்பு நடக்கும் காலத்தில் நம்மவர் வீடுகளுக்கு இது மிக முக்கியம். கேட்பதில் எந்த அவமானமும் இல்லை. அந்த அதிகாரிகளுக்கு அப்படி மாற்றிக் கணக்கிடும் அதிகாரம் சட்டத்திலேயே தரப்பட்டிருக்கிறது.

சில தனியார் பல்கலைக்கழகங்கள் இதோடு சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற இன்னொரு படிவமும் கேட்கும். அது காலேஜ் போர்டு நடத்துவது, கட்டணம் உண்டு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டண விலக்கும் உண்டு.

மூன்றாம் படி: முதல் ஆண்டில் செய்ய வேண்டியவை

மாறிச் செல்பவருக்குப் பல்கலைக்கழகம் தரும் திறமை உதவித்தொகை முக்கியமாகக் கல்லூரி ஜி.பி.ஏ.வை, அதாவது 4.0-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்ணைப் பார்த்தே முடிவாகிறது. பள்ளியில் சுமாராகப் படித்தவருக்கு இது இரண்டாவது வாய்ப்பு. எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் மதிப்பெண் சரியாக அமையாத எத்தனையோ மாணவர்கள் இந்த வழியில் நிமிர்ந்திருக்கிறார்கள். இதை நான் வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, 3.5-க்கு மேல் ஜி.பி.ஏ. வைத்திருக்கும் கம்யூனிட்டி கல்லூரி மாணவருக்குத் திறக்கும் வாய்ப்புகள் அதிகம்.

அதே அளவுக்கு, முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் அலகுகளான கிரெடிட்களின் கணக்கும் முக்கியம். 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாக 43 விழுக்காடு கிரெடிட்களை இழந்ததாக அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் மதிப்பிட்டது. ஏற்கப்படாத பாடத்தை மீண்டும் படித்தால் மீண்டும் கட்டணம். எந்த உதவித்தொகையும் ஈடுகட்ட முடியாத இழப்பு அது. கலிஃபோர்னியாவில் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடாகும் என்பதை அசிஸ்ட் என்ற பொதுத் தளத்தில் பார்க்கலாம். நியூ ஜெர்சியில் கவுண்ட்டி கல்லூரியின் (அங்கே கம்யூனிட்டி கல்லூரிக்கு அதுவே பெயர்) இரண்டாண்டுப் பட்டத்தை மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏற்பதற்கு 2007-ஆம் ஆண்டு முதலே சட்டம் இருக்கிறது. இரண்டாண்டுப் பட்டத்தை முடித்துவிட்டு மாறுவதே பொதுவாக நல்லது. பல உதவித்தொகைகள் அந்தப் பட்டத்தையே நிபந்தனையாக வைக்கின்றன.

முதல் பருவத்திலேயே இரண்டு ஆசிரியர்களாவது உங்களைப் பெயர் சொல்லி அறியும்படி நடந்துகொள்ளுங்கள். அவர்களின் அலுவலக நேரத்தில் போய்ச் சந்தேகம் கேளுங்கள். முந்நூறு பேர் உட்காரும் பல்கலைக்கழக வகுப்பில் கிடைக்காத நெருக்கம் இங்கே கிடைக்கும், அதுவே பின்னால் பரிந்துரைக் கடிதமாக மாறும்.

நான்காம் படி: எங்கே தேடுவது

தேசிய அளவிலான தேடுதளங்களில் பெயரைப் பதிந்துவிட்டு ஆயிரக்கணக்கான விளம்பரங்களுக்கு நடுவில் மாணவர்கள் களைத்துப்போகிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். உங்களை ஏற்கெனவே அறிந்த இடத்திலிருந்து தொடங்கி வெளியே போங்கள்.

முதலாவது இடம் உங்கள் கம்யூனிட்டி கல்லூரியின் அறக்கட்டளை. பெரும்பாலான கல்லூரிகளில் ஒன்று உண்டு. ஊர் வணிகர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், பழைய மாணவர்கள் கொடுத்த நன்கொடையில் நடப்பது. பல கல்லூரிகளில் ஒரே பொது விண்ணப்பம் நிரப்பினால் தகுதியுள்ள எல்லா நிதிகளுக்கும் அவர்களே பொருத்திப் பார்ப்பார்கள். படிப்பை முடித்து மாறிச் செல்பவருக்கென்று தனி நிதிகளும் அதில் இருக்கக்கூடும். தொகை ஐந்நூறு, ஆயிரம் டாலர் என்று சிறிதாக இருந்தாலும் வாங்குங்கள். அடுத்த விண்ணப்பத்தில் விருதுகள் பகுதியில் எழுத ஒரு வரி கிடைக்கிறது.

அடுத்தது ஃபை தீட்டா கப்பா. 1918-இல் தொடங்கிய, இரண்டாண்டுக் கல்லூரி மாணவர்களுக்கான கௌரவ சங்கம் இது. பொதுவாக 12 கிரெடிட் முடித்து 3.5 ஜி.பி.ஏ. உள்ளவர்களுக்கு அழைப்பு வரும். அந்த மின்னஞ்சலை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். உறுப்பினர் கட்டணம் ஒருமுறை மட்டுமே. இந்த உறுப்பினர்களுக்கென்றே தனி உதவித்தொகை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் நாடு முழுவதும் பல நூறு. சங்கம் நேரடியாகவும் மாறிச் செல்பவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. வெளிநாட்டு மாணவர்களும் சேரலாம் என்பதால் எஃப்-1, எச்-4 மாணவர்களுக்கு இது மிக நல்ல வாசல். சேர்ந்துவிட்டுச் சும்மா இருந்தால் பலன் குறைவு. கிளையில் ஒரு பொறுப்பை ஏற்றுச் செய்யுங்கள்.

மூன்றாவது, நீங்கள் போக விரும்பும் பல்கலைக்கழகம். பெரிய தொகை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. அதன் இணையதளத்தில் முதலாண்டு மாணவர்களுக்கான பக்கத்தைப் பார்த்து மகிழவோ சோர்ந்துபோகவோ வேண்டாம். மாறி வருபவருக்கான பக்கம் தனியாக இருக்கும், தொகையும் நிபந்தனையும் வேறாக இருக்கும். இணையத்தில் கிடைக்கும் செலவுக் கணிப்பான்களும் முதலாண்டு மாணவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஆகவே சேர்க்கை அலுவலகத்துக்கு நேரடியாக இவற்றை எழுதிக் கேளுங்கள்: மாறி வருபவருக்கு என்னென்ன உதவித்தொகை உண்டு? தனி விண்ணப்பம் வேண்டுமா, தானாகவே பரிசீலிப்பீர்களா? இலையுதிர்ப் பருவத்தில் சேர்பவருக்கு மட்டும்தானா, வசந்தப் பருவத்தில் சேர்பவருக்கும் உண்டா? எத்தனை ஆண்டு தொடரும், தொடர எவ்வளவு ஜி.பி.ஏ. வேண்டும்?

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது அந்த விண்ணப்பத்துக்குள்ளேயே உதவித்தொகைப் பகுதி ஒன்று வருகிறது. அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அங்கே வழங்கப்படும் ரீஜன்ட்ஸ் உதவித்தொகை மாறி வருபவர்களுக்கும் உண்டு. நீங்கள் படிக்கப்போகும் துறையின் அலுவலகத்தையும் தனியாக அணுகுங்கள். தேசிய அறிவியல் நிறுவனம், குறைந்த வருமானமும் நல்ல மதிப்பெண்ணும் உள்ள அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கு உதவ எஸ்-ஸ்டெம் என்ற திட்டத்தின்கீழ் கல்லூரிகளுக்குப் பணம் தருகிறது. ஒவ்வொரு கல்லூரியும் அதற்கு வேறு பெயர் வைத்திருப்பதால் மாணவர் கண்ணில் எளிதில் படாது. துறையில் ‘எஸ்-ஸ்டெம் நிதியில் நடக்கும் திட்டம் இங்கே இருக்கிறதா’ என்று கேட்டால் தெரிந்துவிடும்.

நான்காவது, மாநில அரசு. கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து மாறுபவருக்கென்றே கால் கிராண்ட் (Cal Grant) என்ற மாநில மானியத்தில் ஒரு பிரிவு உண்டு. அதற்கான கெடு பொதுவாக மார்ச் 2. நியூ ஜெர்சியில் பள்ளி வகுப்பின் முதல் 15 விழுக்காட்டில் இருந்து, என்.ஜே. ஸ்டார்ஸ் என்ற மாநில உதவித்தொகைத் திட்டத்தில் கவுண்ட்டி கல்லூரியில் படித்தவர், 3.25 ஜி.பி.ஏ.வுடன் பட்டம் பெற்று மாநிலத்துக்குள்ளேயே மாறினால் ஆண்டுக்கு 2,500 டாலர் வரை பெறலாம்; குடும்ப வருமானத்துக்கு ஒரு வரம்பு உண்டு. வர்ஜீனியாவில் இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து மாறுபவர்களுக்குத் தனி மானியம் இருக்கிறது. மற்ற மாநிலத்தவர் தங்கள் மாநில உயர்கல்வி நிதி அமைப்பின் தளத்தைப் பாருங்கள்.

தேசிய அளவில் தேடத் தகுந்தவை இவற்றுக்குப் பிறகே. அவற்றுள் முதன்மையானது ஜாக் கென்ட் குக் அறக்கட்டளையின் உதவித்தொகை. கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து மாறுகிறவர்களுக்கென்றே வைக்கப்பட்ட இது, ஆண்டுக்கு 55,000 டாலர் வரை, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தரக்கூடியது. போட்டி கடுமை, நாடு முழுவதிலிருந்தும் ஆண்டுக்குச் சில டஜன் பேருக்கே கிடைக்கிறது. இருந்தாலும் நல்ல ஜி.பி.ஏ.வும் பணத்தேவையும் உள்ளவர்கள் விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். அதற்காக எழுதும் கட்டுரைகளும் திரட்டும் ஆவணங்களும் மற்ற எல்லா விண்ணப்பங்களுக்கும் பயன்படும். படிப்பை இடையில் ஐந்து ஆண்டு அல்லது அதற்கு மேல் விட்டுவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு ஓஷர் அறக்கட்டளையின் நிதியில் சில பல்கலைக்கழகங்கள் உதவித்தொகை தருகின்றன. குழந்தைகள் வளர்ந்தபின் படிப்பைத் தொடரும் தாய்மார்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

‘உங்களுக்கு உறுதியாகக் கிடைத்துவிட்டது, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று வரும் அழைப்பு எதுவும் உதவித்தொகை ஆகாது. வங்கிக் கணக்கு எண்ணையோ சமூகப் பாதுகாப்பு எண்ணையோ தொலைபேசியில் யாருக்கும் தராதீர்கள்.

ஐந்தாம் படி: கட்டுரை

வெற்றியும் தோல்வியும் அதிகம் தீர்மானமாவது இங்கேதான். ஒரே தகுதியுள்ள இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கக் குழுவுக்கு வேறென்ன வழி இருக்கிறது?

மாறிச் செல்பவரிடம் பெரும்பாலும் கேட்பது இரண்டு: ஏன் மாறுகிறீர்கள், அங்கே போய் என்ன செய்வீர்கள். முதல் கேள்விக்குப் பழைய கல்லூரியைக் குறைசொல்லி எழுதாதீர்கள். அங்கே என்ன கற்றீர்கள், அந்தக் கல்வி உங்களை எந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது, அதற்கு மேல் படிக்க என்ன இல்லை என்று எழுதுங்கள். இரண்டாவதற்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம், பாடம், திட்டம் ஒன்றைப் பெயரோடு சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்றி எங்கும் அனுப்பக்கூடிய கட்டுரையைப் படிப்பவர் உடனே கண்டுகொள்வார்.

‘சிறு வயது முதலே எனக்குக் கணினியில் ஆர்வம்’ என்று தொடங்கும் கட்டுரையை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ‘கல்லூரியின் கணிதப் பயிற்சி மையத்தில் நான் சொல்லிக்கொடுத்த மாணவர்கள் பலர் பின்னங்களில்தான் தடுமாறினார்கள், அதற்காக ஒரு சிறு பயிற்சி நிரலை எழுதினேன்’ என்று தொடங்கினால் அடுத்த வரியையும் படிக்கத் தோன்றும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் எழுதாமல் விடுகிற ஒன்றைப் பற்றி எனக்கு ஆதங்கம் உண்டு. பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் மருத்துவரிடம் மொழிபெயர்த்துச் சொல்வது, தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது, அப்பாவின் கடையில் மாலை முழுவதும் நிற்பது, இவையெல்லாம் ‘வீட்டு வேலை, இதையா எழுதுவது’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வாரம் இருபது மணி நேரம் வேலை செய்துகொண்டே எடுத்த 3.6-க்கு உள்ள மதிப்பு, அந்த வேலையைச் சொன்னால்தான் தெரியும். எழுதுங்கள், மணிக்கணக்கோடு எழுதுங்கள். கஷ்டத்தை மிகைப்படுத்த வேண்டாம்; நடந்ததைச் சொன்னாலே போதும்.

பரிந்துரைக் கடிதத்துக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்னதாகக் கேளுங்கள். கேட்கும்போதே ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: எந்த உதவித்தொகை, கெடு தேதி, அவர் வகுப்பில் நீங்கள் செய்த வேலை, உங்கள் நோக்கம். முடிவு எதுவானாலும் நன்றி சொல்லி எழுதுங்கள்.

ஆறாம் படி: வந்த கடிதத்தைப் படிப்பது

பல்கலைக்கழகத்தின் நிதியுதவிக் கடிதம் வந்ததும் மொத்தத் தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். அதில் மானியம், உதவித்தொகை, கல்விக் கடன், வளாகப் பகுதிநேர வேலை எல்லாம் ஒரே பட்டியலில் கலந்திருக்கும். பெற்றோரைச் சார்ந்த மூன்றாம் ஆண்டு மாணவர் மத்திய அரசிடம் ஆண்டுக்கு 7,500 டாலர் வரை கடன் வாங்கலாம். அது ‘உதவி’ என்ற தலைப்பின் கீழேயே வரும். திருப்பிக் கட்ட வேண்டியவற்றை அடித்துவிட்டு மீதியைக் கூட்டுங்கள். அதை ஓராண்டு முழுச் செலவிலிருந்து கழித்தால் உண்மையில் கையிலிருந்து போவது எவ்வளவு என்று தெரியும். அந்தத் தொகையை வைத்தே பல்கலைக்கழகங்களை ஒப்பிட வேண்டும். பெயரின் பெருமைக்காகப் பெரிய கடனில் இறங்குவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

வெளியே வென்ற உதவித்தொகையைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவித்ததும், சில இடங்களில் அவர்கள் தரவிருந்த மானியத்தை அதே அளவுக்குக் குறைத்துவிடுவார்கள். உழைத்து வென்றவருக்கு ஒரு டாலரும் மிஞ்சாது. மேரிலாந்து 2017-இல் இதற்கு எதிராகச் சட்டம் இயற்றியது. நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா முதலிய மாநிலங்களிலும் வெவ்வேறு அளவில் கட்டுப்பாடு உண்டு. மானியத்தைக் குறைக்கும் முன் கடனையும் வளாக வேலைக்கான பங்கையும் குறைக்கும்படி நிதியுதவி அலுவலகத்தில் பணிவாகக் கேளுங்கள். பல இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள்.

சேர்ந்த பிறகு

புதிய பல்கலைக்கழகத்தில் ஜி.பி.ஏ. பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முதல் பருவத்தில் மதிப்பெண் சற்றுச் சரிவது மாறி வருபவர்களிடம் பரவலாகக் காணப்படுவது. உதவித்தொகை தொடர 3.0 அல்லது 3.25 வேண்டும் என்றிருந்தால் அந்தச் சரிவு பணத்தையே பறித்துவிடும். ஆகவே முதல் பருவத்தில் கடினமான மூன்று பாடங்களை ஒன்றாக எடுக்காதீர்கள். ஆனால் முழுநேர மாணவராக நீடிக்க வழக்கமாகத் தேவைப்படும் 12 கிரெடிட்டுக்குக் கீழேயும் போகாதீர்கள்.

முதல் பருவம் நன்றாக அமைந்தால் டாவ் சிக்மா உங்களை அழைக்கலாம். மாறி வந்த மாணவர்களுக்கென்றே 1999-இல் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கௌரவ சங்கம் அது. அதன் உறுப்பினர்களுக்கும் உதவித்தொகை உண்டு. ஆராய்ச்சியில் நாட்டமுள்ள அறிவியல், கணித, பொறியியல் மாணவர்கள் கோல்ட்வாட்டர் உதவித்தொகையைப் பற்றித் துறையில் கேளுங்கள். பல்கலைக்கழகங்கள் தங்கள் மாணவர்களைப் பரிந்துரைக்கும் அந்தப் போட்டியில் வழக்கமான நால்வரோடு, மாறி வந்த ஒருவரையும் சேர்த்துக்கொள்ள இடம் தருகிறார்கள். குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் தகுதியானவர்கள்.

வரிக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டப்படிப்புக்கான கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போகும் உதவித்தொகைக்கு மத்திய அரசு வரி கிடையாது. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதி வருமானமாகக் கணக்கிடப்படும். பல்கலைக்கழகம் கல்விக் கட்டண விவரத்தோடு அனுப்பும் 1098-டி என்ற வரிப் படிவத்தையும் ரசீதுகளையும் எடுத்து வையுங்கள். ஃபாஃப்சாவை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நிரப்ப வேண்டும். அடுத்த அக்டோபர் 1-ஐ இப்போதே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.